ஓடிக்கிட்டுத்தான் இருக்கு, அக்கா

பெங்களூரா மாங்காய் லாரிகளின் வரிசை நெடுஞ்சாலையைத் தொட்டுவிட்ட வெள்ளிக்கிழமை அது. எடைமேடையில் ஒரு சீட்டு வர நாலு நிமிடம் ஆனது. சீட்டும் கணக்கும் ஓடும் சர்வரைப் பார்த்துக்கொள்வது நான். எந்த வேலை அதிகம் தின்கிறது என்று வரிசையாகக் காட்டும் டாப் கட்டளையைப் போட்டுப் பார்த்தேன். கணக்குப் பிரிவு அக்கா ஓட்டிய ரிப்போர்ட் முதல் வரியில் நின்றது. எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராக நுழைந்து, ஓடும் வேலையின் முன்னுரிமையை மாற்றும் ரீநைஸ் கட்டளையால் அதற்கு நைஸ் எண் 19 கொடுத்தேன். சீட்டு வேகமாக வர ஆரம்பித்தது.

மூன்று மணிக்கு அக்கா வந்தார்.

"தம்பி, என் ரிப்போர்ட் என்னாச்சு?"

"ஓடிக்கிட்டுத்தான் இருக்கு, அக்கா."

பொய்யில்லை. சர்வரை இயக்கும் லினக்ஸ் எந்த வேலையையும் நைஸ் போட்டதற்காக அடியோடு நிறுத்திவிடாது. மைனஸ் 20 முதல் 19 வரை எண்கள். எண் கூடக் கூட முன்னுரிமை குறையும். நேரத்தைப் பங்கு பிரிக்க லினக்ஸ் வைக்கும் எடை, பூஜ்யத்தில் இருக்கும் வேலைக்கு 1024 என்றால் 19-இல் இருப்பதற்கு 15. இரண்டும் பிராசஸரின் ஒரே கோரில் மோதினால் பின்னதற்கு நூற்றில் ஒன்றரைப் பங்குகூடத் தேறாது. அதையும் 'ஓடுகிறது' என்றுதானே சொல்ல வேண்டும்?

அது விவசாயிகளுக்குப் பணம் போடுவதற்கான பட்டியல் என்பது எனக்குத் தெரியாது. இல்லை, சரியாகச் சொல்கிறேன்: நான் கேட்கவில்லை. மாலைக்குள் வங்கிக்குப் போகவில்லை. மறுநாள் இரண்டாம் சனி. திங்கட்கிழமைதான் போனது.

லாரியில் வெயிலில் நின்றதும் விவசாயியின் மாங்காய்தானே, அதை முதலில் இறக்குவது தப்பா என்று பல முறை எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். நியாயமாகத்தான் படுகிறது, அன்றைய டாப் திரை நினைவுக்கு வரும் வரை. ரிப்போர்ட்டுக்குக் கீழே மூன்று வரிகளில் இன்னொரு வேலை ஓடியது. எடைமேடைக் கேமரா படங்களைச் சுருக்கும் ஸ்கிரிப்ட். மூன்றையும் கூட்டினால் அதுதான் அதிகம் தின்றது. அப்படியே விட்டால் லாரி வேகமாக நகர நகரப் படங்கள் கூடும், ரிப்போர்ட்டுக்குக் கிடைப்பது இன்னும் குறையும். படங்களை ராத்திரிகூடச் சுருக்கியிருக்கலாம்; யாரும் காத்திருக்கவில்லை. ஆனால் அது நான் எழுதிய ஸ்கிரிப்ட். அதன் மேல் கை போகவில்லை. பதற்றத்தில் முதல் வரியை மட்டும் பார்த்தேன் என்று சொல்லலாம். கண் மூன்று வரிகளையும் பார்த்தது என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்தவருக்கு விட்டுக்கொடுக்கும் நல்ல குணம் என்ற பொருளில்தான் அந்தக் கட்டளைக்கு நைஸ் என்று பெயர். சாதாரணப் பயனர் தன் வேலையைத்தான் தாழ்த்த முடியும். அடுத்தவர் வேலையைத் தொட ரூட் வேண்டும். என்னிடம் ரூட் இருந்தது. அக்காவின் நேரத்தை எடுத்து நான் தாராளமாக விட்டுக்கொடுத்தேன்.

"கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறேன், அவசரமா அக்கா?" என்று அந்த மூன்று மணிக்குக் கேட்டிருந்தால் போதும். ஒருவேளை அவரே "லாரி போகட்டும் தம்பி" என்றிருப்பார். அப்படிச் சொல்லியிருக்க மாட்டார் என்றும் தோன்றுகிறது. எல்லோரையும் கேட்டுக்கொண்டு சர்வரைப் பார்க்க முடியாது என்பதும் உண்மைதான்.

திங்கட்கிழமை காலையில் என் ஸ்கிரிப்ட்டுக்கு நைஸ் 10 சேர்த்தேன். மாற்றக் குறிப்பேட்டில் காரணம் என்ற இடத்தில் 'வேகம் கூட்ட' என்று எழுதியிருக்கிறேன். அக்கா அந்த நோட்டைப் பார்ப்பதில்லை.