கெமிஸ்ட்ரியில் 68, மற்றதெல்லாம் தொண்ணூறுக்கு மேல்

பிளஸ் டூவில் எனக்குக் கணிதம் 99, இயற்பியல் 96, கணினி அறிவியல் 95. வேதியியல் மட்டும் 68. எங்கள் கோட்டையூரில் ரிசல்ட் வந்தால் சொந்தபந்தம் அத்தனை பேரும் போன் போட்டுவிடுவார்கள். மொத்தம் எவ்வளவு என்று ஒருவரும் கேட்கவில்லை. "கெமிஸ்ட்ரில என்னத்தா ஆச்சு?" என்பதுதான் எல்லோருக்கும் கேள்வி. வருஷத்தின் நடுவில் ஆசிரியர் மாற்றலாகிப் போனார், அடுத்தவர் வர மாசக்கணக்கானது, கரிம வேதியியல் கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. அவ்வளவுதான்.

இப்படித்தான் வரும் என்று அரையாண்டுத் தேர்விலேயே தெரிந்துபோனது. அது ஒரு வகையில் நல்லதாயிற்று. நுழைவுத் தேர்வு வைக்கும் இடங்களில் பெரும்பாலும் ரிசல்ட் வருவதற்கு முன்பே விண்ணப்பத் தேதி முடிந்துவிடும். மே மாதம் மார்க்கைப் பார்த்துவிட்டுத் தேட ஆரம்பித்தால் பாதிக் கதவு மூடியிருக்கும்.

ஜனவரியில் ஒரு நோட்டை எடுத்து, எந்த இடம் வேதியியலுக்கு எவ்வளவு எடை கொடுக்கிறது என்று மட்டும் எழுதினேன். பொறியியலுக்கான அகில இந்திய நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. மெயினில் 300க்கு 100, அதாவது மூன்றில் ஒரு பங்கு. தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் கட் ஆஃப் 200க்கு. கணிதம் 100 அப்படியே நிற்கும், இயற்பியலும் வேதியியலும் பாதியாகி ஐம்பது ஐம்பது. இங்கே வேதியியல் நான்கில் ஒரு பங்கு. சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் கழகத்தின் கணித நுழைவுத் தேர்வில் வேதியியலே கிடையாது. ஒரே 68, இடத்துக்கு இடம் அதன் விலை வேறு. இது புரிந்த பிறகு எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

சிறுசேரிக்கு விண்ணப்பித்தேன். பழைய வினாத்தாள்கள் அவர்கள் இணையதளத்திலேயே கிடைக்கும். ஒரு பகுதிக்கு விடை மட்டும் போதும், இன்னொரு பகுதியில் நிரூபணத்தை முழுசாக எழுத வேண்டும். பள்ளிக் கணிதத்தில் 99 வாங்குவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று முதல் வினாத்தாளிலேயே தெரிந்தது. ஆனாலும் அந்தக் கணக்குகளோடு மல்லுக்கட்டிய மாதங்கள்தான் பிளஸ் டூவிலேயே எனக்குப் பிடித்தவை. தேர்வு எழுதினேன், இடம் கிடைக்கவில்லை.

பெங்களூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்துக்கும் போட்டிருந்தேன். கட்டுரை, நேர்காணல் எல்லாம் உண்டு. கட்டுரையில் வேதியியல் பற்றி இரண்டு வரிதான் எழுதினேன்: ஆசிரியர் இல்லாத மாதங்கள், அப்போது நானாகப் படித்த பாடங்கள். குடும்பக் கஷ்டத்தைச் சேர்த்து உருக்கமாக எழுதச் சொன்னவர்கள் உண்டு. எனக்கு மனசு வரவில்லை. தவிர, நேர்காணலில் நேருக்கு நேர் கேட்டால் அழுது காட்டவா முடியும்? அங்கே வேதியியல் பேச்சு வந்த வேகத்தில் போய்விட்டது. ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறையில் அப்பா செய்யும் வேலையைப் பற்றியும், ஒரு கல்லின் பூ வேலை பக்கத்துக் கல்லோடு சேர்ந்து தொடர்வதில் உள்ள சமச்சீர் பற்றியும்தான் நிறையக் கேட்டார்கள். இடம் கிடைத்தது. உதவித்தொகை போக மீதிக் கட்டணம் எங்கள் கைக்கு எட்டுவதாக இல்லை.

கடைசியில் பொறியியல் கலந்தாய்வு. 99, 48, 34, கூட்டினால் 181. வேதியியல் விடைத்தாள் நகல் வாங்கித் தெரிந்த ஆசிரியர் ஒருவரிடம் காட்டினேன். எழுத்துத் தேர்வு 70க்கு 38; செய்முறையும் அகமதிப்பீடும் முழுசாக 30. மிஞ்சிப் போனால் இரண்டு மார்க் ஏறலாம் என்றார். இரண்டு மார்க் என்றால் கட் ஆஃபில் ஒன்று. மறுமதிப்பீட்டுக்குப் போட்டேன், மாற்றமில்லை. ஒரே கட் ஆஃப் வந்தவர்களில் கணித மார்க் கூடுதலாக இருப்பவரை முன்னே வைப்பார்கள் என்பது மட்டும் எனக்கு ஆறுதல்.

விருப்பப் பட்டியல் போடும்போது வீடே இரண்டுபட்டது. மாமா காரைக்குடியில் இருக்கும் சிக்ரியை, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தை, முதலில் போடச் சொன்னார். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து வந்த ஆய்வகம், அங்கே பி.டெக். படிப்பதென்றால் ஊருக்கே பெருமை என்பது அவர் கட்சி. பெருமைதான். ஆனால் அங்கே படிப்பது ரசாயன, மின்வேதியியல் பொறியியல். 68 வாங்கியவளை அங்கே அனுப்பச் சொல்கிறாரே என்று அப்பத்தா சிரித்த சிரிப்பு அடங்க நேரமானது. கிடைக்குமா கிடைக்காதா என்று பார்க்காமல் பிடித்த வரிசையில் போட்டேன்: அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி, குரோம்பேட்டை வளாகங்கள், கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி, அப்புறம் இங்கேயே காரைக்குடியில் இருக்கும் அழகப்பச் செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரி. மேலே உள்ளது கிடைக்காவிட்டால் கீழே உள்ளதைத்தான் பார்ப்பார்கள். மேலே ஆசைப்பட்டதால் கீழே இருப்பது கைவிட்டுப் போகாது. இதை நம்பாமல் 'கிடைக்கிற' கல்லூரியை முதலில் போட்டு, அதிலேயே மாட்டிக்கொண்ட தோழி ஒருத்தி உண்டு.

உத்தேச ஒதுக்கீட்டில் காரைக்குடிக் கல்லூரியில் இ.இ.இ. (மின், மின்னணுப் பொறியியல்) வந்தது. இதை ஏற்றுக்கொண்டு மேலே உள்ளவற்றுக்கும் காத்திருக்கிறேன் என்ற விருப்பத்தைத் தேர்ந்தெடுத்தேன். மேலே எதுவும் நகரவில்லை. "பக்கத்துலயே இருக்கிறது நல்லதுதான் ஆத்தா" என்றார் அப்பா. பெங்களூர்க் கட்டணம் மிச்சமான நிம்மதி அவர் குரலில் நன்றாகவே தெரிந்தது.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். கலைக் கல்லூரிச் சேர்க்கை பொறியியலுக்கு முன்பே முடிந்துவிடும். கைக்காவலாக நான் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்து, மாற்றுச் சான்றிதழின் அசலையும் கொடுத்திருந்தேன். பொறியியல் இடம் உறுதியானதும் அது திரும்ப வேண்டும். சேரும் கெடுவோ கிட்டத்தில். ஒதுக்கீட்டு ஆணையின் நகலோடு விலகல் கடிதத்தை எழுதிக்கொண்டு, காலையில் அலுவலகம் திறக்கும் முன்பே போய் நின்றுவிடுங்கள். கையெழுத்துப் போட வேண்டியவர் மத்தியானத்துக்கு மேல் இருக்கையில் இருப்பதில்லை.