வா, போ, எடு, வை

ஜூலை 19, 2024, வெள்ளி

ஆடி மொத வெள்ளி. நான் வேலை பாக்கற துணிக்கடையில தள்ளுபடி போர்டு மாட்டி ரெண்டு நாள் ஆச்சு, இனி மாசம் பூரா காலு நம்ம காலு இல்ல. கோவில்பாளையத்துல பஸ்ஸுக்கு நின்னா டிரைவர் ஸ்டாப்ல நிறுத்தாம அம்பது அடி தள்ளிப் போய் நிறுத்தறாரு. நின்னவங்க அத்தனை பேரும் பொம்பளைங்க, அதான். புடவையைத் தூக்கிப் புடிச்சுட்டு ஓடி ஏறினா கண்டக்டரு "ஓசி எல்லாம் உள்ள போ, உள்ள போ"ங்கறாரு.

2021 மே மாசத்துல இருந்து சாதாரண டவுன் பஸ்ல எங்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு இல்ல. எனக்கு மாசம் எழுநூறு எண்ணூறு மிச்சம், அதுல கேஸ் சிலிண்டர் காசு முக்காவாசி வந்துரும், அதனால சலுகையைப் பத்தி நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா அந்த ஓசிங்கற வார்த்தை இருக்கே. 2022-ல ஒரு அமைச்சரே மேடையில அப்படிச் சொல்லி பெரிய பேச்சாச்சு, அப்பறம் கண்டக்டரை மட்டும் என்னத்தச் சொல்ல. அந்த மனுசனும் பாவம், காலை டிரிப்ல நிக்க எடம் இல்லாத வண்டியில முன்னுக்கும் பின்னுக்கும் நீந்தறாரு. இருந்தாலும் காசு குடுத்து ஏறினப்ப "உள்ள போங்க"ன்னு வந்தது காசு போனதும் "உள்ள போ"ன்னு ஆயிருச்சு பாருங்க, அப்ப அந்த 'ங்க'வுக்குத்தான் இத்தனை நாளா டிக்கெட் எடுத்தமாட்ட இருக்குது.

சரவணம்பட்டி வரைக்கும் பின் சீட்டுல ஒருத்தன் செல்போன்ல சத்தமா வீடியோ பாத்துட்டே வந்தான். அது தினமும் நடக்கறதுதான், விடுங்க.

ஜூலை 22, திங்கள்

கூட்டம் கம்மி. மத்தியானம் ஒரு அறுபது அறுபத்தஞ்சு வயசு அய்யா, கூட அவங்க சம்சாரம், மகளுக்குக் கல்யாணப் பட்டு. நாப்பது புடவை பிரிச்சோம். பிரிக்கறது வேலைதான், அதுல எனக்கு வெசனம் இல்ல. அந்தம்மா முந்தியைத் தடவித் தடவிப் பாத்துட்டு இருக்க, இவரு என்கிட்ட பேச்சுக் குடுத்தாரு. இந்தக் காலத்துப் பசங்களுக்கு மரியாதையே தெரியறதில்ல, பெரியவங்க வந்தா எந்திரிக்கறதில்ல, செல்லுல இருந்து தலையைத் தூக்கறதில்ல, நாங்கெல்லாம் அப்பா முன்னாடி உக்காந்ததே கிடையாதுன்னு. நானும் ஆமாங்கய்யா ஆமாங்கய்யான்னு மடிச்சுட்டே இருந்தேன். ஒரு பக்கம் அது நெசந்தான். எம் மகளே நான் கூப்புட்டா மூணாவது தடவைதான் திரும்புவா.

அப்ப பக்கத்து ரேக்ல வேலை செய்யற பிள்ளை ரெண்டு நிமிசம் ஸ்டூல்ல உக்காந்துச்சு. மாசமா இருக்கற பிள்ளை. "ஏய், நாங்க நிக்கறோம், நீ பாட்டுக்கு உக்காந்திருக்க, எந்திரி"ன்னு விரலைச் சொடுக்கினாரு, அதும் எந்திரிச்சுருச்சு.

கடையில வேலை பாக்கறவங்களுக்கு உக்கார இருக்கை குடுக்கணும்னு 2021-ல சட்டத்தையே திருத்தினாங்க. எங்க மாடிக்கு நாலு ஸ்டூல் வந்துச்சு, அதுல ரெண்டு மேல பெட்டி அடுக்கி வெச்சிருக்காங்க. மீதி ரெண்டுல உக்காந்தா மரியாதை தெரியாதவங்கன்னு பேரு. ராத்திரி ஒம்பது வரைக்கும் நின்னு நின்னு கணுக்கால்ல நரம்பு சுருட்டிக்கிட்டது எனக்கு மட்டும் இல்ல, எங்க மாடியில பாதிப் பேருக்கு இருக்குது.

கடைசியில அவங்க புடவை எடுக்கல.

ஜூலை 28, ஞாயிறு

இன்னிக்கு நடந்ததை எழுதியே ஆகணும்.

எங்க கடையில ஒடிசாப் பையன் ஒருத்தன் இருக்கான், வந்து எட்டு மாசம் ஆச்சு. தண்ணிக் கேன் தூக்கறது, குடோன்ல இருந்து பேல் எடுத்து வாரது, தரை தொடைக்கறது எல்லாம் அவன்தான். நல்லாத் தமிழ் பேசறான், யாரும் சொல்லிக் குடுக்கல, காதுல விழுந்து விழுந்து கத்துக்கிட்டது. ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு ஆள் பத்தலைன்னு சூப்பர்வைசர் அவனை மாடிப்படி வாசல்ல நிறுத்திட்டாரு, வர்றவங்களுக்கு எடம் காட்ட.

ஒரு குடும்பம் வந்தாங்க, முன்னால வயசான ஒரு ஆத்தா. இவன் சிரிச்ச மொகமா, "வா, வா. இங்க உக்காரு. தண்ணி குடி"ன்னான்.

அவ்வளவுதான். கூட வந்த மகனுக்கு வந்துச்சு பாருங்க கோவம். யாரைடா வா போன்னு சொல்ற, எங்கிருந்தோ பொழைக்க வந்துட்டு, மேனேஜரைக் கூப்புடுன்னு ஒரே சத்தம், மாடியே திரும்பிப் பாக்குது. ஆத்தா மட்டும் "உடு கண்ணு, அவனுக்கு என்ன தெரியும்"ங்குது. பையன் மொகம் செத்துப்போச்சு, என்ன தப்புப் பண்ணினோம்னே அவனுக்குப் புரியல. மேனேஜர் வந்து அவனை நாலு கேள்வி கேட்டு குடோனுக்கு அனுப்பிட்டாரு.

பஸ்ல வரும்போதுதான் எனக்கு உறைச்சுது. எட்டு மாசமா நாங்க அவன்கிட்ட என்ன பேசினோம்? வா, போ, எடு, வை, தூக்கு, தொடை. ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் அவனை வாங்கன்னு சொன்னதில்ல. நான் உட்பட. எனக்கு அவன் பேரே தெரியாது, "டேய் தம்பி"தான். எங்க வாயில இருந்து அவன் காதுல விழுந்த தமிழை அப்படியே திருப்பிக் குடுத்தான், அதுக்கு அவனுக்குத் திட்டு.

கோயமுத்தூர்னாலே மரியாதைங்கறாங்க. சின்னப் புள்ளையைக்கூட வாங்க கண்ணு, சாப்பிடுங்க கண்ணும்போம்னு மத்த ஊர்க்காரங்ககிட்டப் பெருமை வேற பேசறோம்.

ஜூலை 30, செவ்வாய்

சாப்பாட்டு நேரத்துல குடோன்ல போய் அவன்கிட்ட உக்காந்தேன். பேரைக் கேட்டேன் (இங்க எழுதல), ஊரு பலாங்கீர் பக்கம்னான். உங்க பாசையில வா போ, வாங்க போங்க இருக்கான்னு கேட்டா, மூணு இருக்குதாம். சின்னவங்க, ரொம்ப நெருக்கமானவங்களுக்கு 'து', சமமா இருக்கறவங்களுக்கு 'துமெ', பெரியவங்களுக்கு 'ஆபண'. நமக்கே ரெண்டுதான். மூணு படி இருக்கற பாசையில பொறந்த பையனை மரியாதை தெரியாதவன்னு சொல்லிட்டோம். "தமில்ல ஒன்னுதான் இருக்குன்னு நெனச்சேன் அக்கா"ன்னான்.

எனக்கு எங்கய்யன் ஞாபகம் வந்துருச்சு. அன்னூர் பக்கம் ஒரு தோட்டத்துல பண்ணையத்துக்கு இருந்தாரு. நான் அஞ்சாவது படிக்கறப்ப, 1980 இருக்கும், பண்ணையத்துக்காரர் வீட்டுப் பையன், என் வயசுதான் அவனுக்கும், எங்கய்யனைப் பேர் சொல்லி வாடான்னு கூப்புடுவான். எங்கய்யன் துண்டை இடுப்புல கட்டிட்டு "வந்துட்டனுங்க சாமி"ம்பாரு. டீக்கடையில எங்களுக்குக் கொட்டாங்குச்சி. அந்தக் காலத்துல மரியாதை இருந்துச்சுன்னு யாராச்சும் ஆரம்பிச்சா எனக்கு அந்த 'ங்க சாமி'தான் காதுல கேக்குது. இருந்துச்சு, இல்லைங்கல. எங்க வாயில இருந்து அவங்க பக்கம் போச்சு, அங்கிருந்து திரும்பி ஒன்னும் வரல.

அதுக்காக இன்னிக்குப் பசங்க பண்றதெல்லாம் சரின்னு சொல்ல வரல. நேத்து ஒரு காலேஜ் பிள்ளை ரீல்ஸ் எடுக்கறேன்னு என் மூஞ்சிக்கு நேரா செல்லை நீட்டிட்டு நிக்குது, என்னைக் கேக்கணும்னுகூட அதுக்குத் தோணல.

சாயங்காலம் அவனை "வாங்க தம்பி, இந்தக் கட்டை எடுத்து வைங்க"ன்னேன். பக்கத்துல இருந்த பிள்ளைங்க சிரிச்சு உருண்டாங்க. அவன் திரும்பிப் பின்னாடி பாத்தான், வேற யாரையோ கூப்புடறேன்னு.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. காலையில பேரூர் படித்துறைக்குப் போய்ட்டு அப்படியே கடைக்கு வர்ற கூட்டம், பத்து மணிக்கே மூச்சு முட்டுது.

பையனை மறுபடி மேல கூப்புட்டாங்க, ஆள் இல்ல. அவன் நாலு நாள்ல 'ங்க'வைப் புடிச்சுட்டான், புடிச்சுட்டு எதையும் விடறதில்ல. "வாங்க, உக்காருங்க, தண்ணிங்க, தரை ஈரமுங்க, வழுக்குமுங்க." படியில பூனை ஓடினதுக்கு "போங்க, போங்க"ன்னு வெரட்டறான். ஒரு அம்மா, "எந்த ஊருங்க தம்பி, பேச்சு நம்ம ஊராட்டவே இருக்குது"ன்னு கேட்டுச்சு. "ஒடிசாங்க"ன்னான்.

சூப்பர்வைசர் இன்னும் டேய்தான். எங்க மாடிப் பிள்ளைங்கள்ல ஒன்னு ரெண்டு வாங்க தம்பிக்கு வந்திருக்கு, பாதி கேலிக்கு.

நாலு மணிக்குப் பில் கவுண்டர்ல பை தீந்துபோய் எல்லாரும் கத்தறாங்க. என் கையில ஆறு புடவை, வாயில குண்டூசி. துப்பிட்டு, "டேய், கட்டைப்பை எடுத்துட்டு வாடா"ன்னு நானே கத்திட்டேன்.

அவன் படியில பாதி எறங்கிட்டான், நின்னு திரும்பி, "எத்தனைங்க அக்கா?"ன்னான்.