ஒரு 'ஓ' அதிகம், ஒரு மாதம் நஷ்டம்

எட்டு வருடம் மெஷின் லேர்னிங்கில், அதாவது கணினியைத் தரவிலிருந்து கற்க வைப்பதில், ஆராய்ச்சி செய்தவன் நான். பிஎச்டி எதைப் பற்றி என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஒரே ஆளின் பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதியிருந்தாலும், நாலும் ஒரே ஆள்தான் என்று கணினியைக் கண்டுபிடிக்க வைப்பதுதான் என் வேலை. 'ழ'வுக்கு ஒருவர் இசட்-எச் போடுவார், இன்னொருவர் எல் போடுவார். 'த'வுக்குப் பக்கத்தில் எச் வருமா என்பது அவரவர் பள்ளிக்கூட வாத்தியாரைப் பொறுத்தது. இதையே மென்பொருளாக்கி, மருத்துவமனைப் பதிவேடுகளில் இரண்டு மூன்று முறை ஏறிக் கிடக்கும் நோயாளிகளை ஒன்று சேர்க்கலாம் என்று நானும் லேபில் கூட இருந்த நண்பனும் வேலையை விட்டோம். கம்பெனி பதிவில் மாட்டிக்கொண்டது என் பெயர்.

பான் விண்ணப்பத்தில் வெறும் இனிஷியல் போட முடியாது, விரித்து எழுத வேண்டும். நம் ஊரில் அப்பா பெயர்தான் குடும்பப் பெயர் இடத்தில் போய் உட்காரும். அப்பா பெயர் 'மூர்த்தி' என்று முடியும். பானில் அது இரண்டு 'ஓ' போட்டு இருந்தது, ஆதாரில் ஒரு 'யு'. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இந்த வம்பே இல்லை, இனிஷியல் மட்டும்.

பதிவுப் படிவத்தில் கணினி வழியாகப் போட வேண்டிய டிஜிட்டல் கையெழுத்தை ஆதார் வழியாக எடுத்தேன். ஐந்து நிமிட வேலை. ஆதாரில் உள்ள பெயரே அதில் ஏறிவிட்டது என்பதை நான் கவனிக்கவில்லை, பதிவைப் பார்த்துக்கொண்டவரும் கவனிக்கவில்லை. கம்பெனி பதிவுக்கான ஸ்பைஸ் பிளஸ் படிவத்தில் இயக்குநர் பெயர் பானில் உள்ளபடி இருக்க வேண்டும். கையெழுத்துப் போடும்போதுதான் ஒத்துவரவில்லை என்று தெரிந்தது.

எனக்கு வந்த கோபத்தைக் கேளுங்கள். இரண்டு எழுத்து வித்தியாசம், ஒன்றை மற்றதாக்க இரண்டே திருத்தம். பெயர்களை ஒலியை வைத்துக் குறியீடாக்கும், 1918-இலேயே காப்புரிமை வாங்கிய சவுண்டெக்ஸ் முறையில் அந்த 'மூர்த்தி'யை மட்டும் போட்டுப் பார்த்தால் இரண்டுக்கும் எம்-630 என்று ஒரே குறியீடுதான் வருகிறது. நூறு வருடத்துக்கு முந்தைய முறைக்குத் தெரிந்தது இந்தப் படிவத்துக்குத் தெரியவில்லை. சரி, யாரிடம் போய்ச் சொல்வது?

ஆதாரை பானுக்கு ஏற்ற மாதிரி மாற்றுவது என்று முடிவு செய்தேன். ஆதாரில் பெயரை ஆயுளுக்கு இரண்டு முறைதான் மாற்ற முடியும், அதனால் ஒவ்வொரு எழுத்தையும் விரல் வைத்துப் படித்துவிட்டுக் கொடுங்கள். முதல் நாள் மையத்தில் டோக்கன் தீர்ந்துவிட்டது. இரண்டாம் நாள் பான் கார்டின் ஜெராக்ஸ் கொண்டு போனேன். ஒரிஜினலைத்தான் ஸ்கேன் செய்வார்களாம். "படிச்சவங்கதானே சார்?" என்றார் கவுண்டரில் இருந்தவர். பதில் சொல்லவில்லை. மூன்றாம் நாள்தான் வேலை முடிந்தது.

இதற்கிடையில் இன்னொரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்ததை மறந்தே போனேன். 1,000 ரூபாய் கட்டிப் பதிவு செய்து வைத்த கம்பெனிப் பெயர் 20 நாள்தான் செல்லும். கெடு முடிவதற்குள் பணம் கட்டினால் நீட்டிக்கலாம். எனக்கு ஞாபகம் வந்தது இருபத்தோராம் நாள் காலையில். மறுபடியும் 1,000 ரூபாய், மறுபடியும் காத்திருப்பு. நல்ல வேளையாக அதே பெயர் கிடைத்தது. அன்றைக்கு மட்டும் நண்பனோடு போய் பிரியாணி சாப்பிட்டேன். பெயர் பதிவைத் தொடுவதற்கு முன்பே பான், ஆதார், டிஜிட்டல் கையெழுத்து மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்பதை இந்த 1,000 ரூபாய் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

புதுக் கையெழுத்துக்கு இன்னொரு முறை பணம் கட்டிய பிறகு எல்லாம் சட்டென்று நடந்தது. பதிவுச் சான்றிதழ், கம்பெனிக்கான பான், வரிப் பிடித்தத்துக்கான டான் எண் எல்லாம் மின்னஞ்சலில் வந்துவிட்டன.

அப்புறம் வங்கி. நடப்புக் கணக்குக்காக இடத்தைப் பார்க்க ஒருவர் வந்தார். நண்பன் வீட்டு மாடி அறை, இரண்டு மேசை, இரண்டு லேப்டாப். படிவத்தைப் பார்த்துவிட்டு, "மெஷின் லேர்னிங்னு போட்டிருக்கே, மெஷின் எங்க இருக்கு?" என்றார். விளக்கினேன். தலையாட்டிக்கொண்டே கேட்டார், எழுதிக்கொண்டது என்னவோ தெரியாது, கணக்கு மூன்று வாரம் நகரவில்லை. கிளைக்கு நேரில் போய், தொழில் வகையை 'கணினி மென்பொருள் எழுதுதல்' என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாளே திறந்துவிட்டார்கள்.

பங்குப் பணத்தை நண்பன் அவசரத்தில் அவன் மனைவி கணக்கிலிருந்து அனுப்பிவிட்டான். பங்கு எடுத்தவர் கணக்கிலிருந்து வந்தால்தான் சிக்கல் இல்லை என்று திருப்பி அனுப்பி, மறுபடி வாங்கினோம். பணம் வந்ததற்கான அத்தாட்சியோடு, தொழில் தொடங்குகிறோம் என்று அறிவிக்கும் ஐஎன்சி-20ஏ படிவத்தை, பதிவான நாளிலிருந்து 180 நாளுக்குள் போட வேண்டும். போட்டுவிட்டோம்.

அப்பா நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, "என் பேரை எப்படித்தான் எழுதணுமாம்?" என்றார். அவர் இன்றுவரை கையெழுத்துப் போடுவது தமிழில்.

என் பாஸ்போர்ட் பீரோவில் இருக்கிறது. அதில் எத்தனை 'ஓ' என்று இன்னும் எடுத்துப் பார்க்கவில்லை.