எழுத்துக் கட்டு: வங்கி எழுத்தர் தேர்வில் எனக்குக் கைகொடுத்த ஒரு பயிற்சி

முதல்நிலைத் தேர்வு முடிவு வந்துவிட்டது. தேறிவிட்டேன் என்ற நிம்மதி இன்னும் முழுதாக உடம்பில் இறங்கவில்லை, அதற்குள் எழுதிவிடுகிறேன். கேரள எல்லையில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்திலிருந்து அடுத்த சுற்றுக்குத் தயாராகும் தமிழ்வழிப் பிள்ளைகளுக்காக இது. பாடத்திட்டம் உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வந்தது ஒரே ஒரு கேள்வி வகையைப் பற்றி: ஓர் ஆங்கிலச் சொல்லில் குறிப்பிட்ட இடங்களில் உள்ள எழுத்துகளை எடுத்து, பொருளுள்ள சொற்கள் எத்தனை அமைக்கலாம் என்று கேட்பார்களே, அது.

நான் படித்த பயிற்சி மையத்தில், "அது ஆங்கில வழியில் படித்தவர்களுக்கான கேள்வி, தாண்டிப் போங்கள்" என்றார்கள். இன்று நினைத்தாலும் கோபம் வருகிறது. எழுத்தர் தேர்வை 13 மாநில மொழிகளிலும் நடத்த வேண்டும் என்று 2021இல் நிதி அமைச்சகம் பரிந்துரைத்தது. அதனால் தமிழ்நாட்டுக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு வினாத்தாள் தமிழிலும் கிடைக்கிறது. ஆனால் இந்தக் கேள்வியில் உள்ள எழுத்துகள் ஆங்கிலமாகவேதான் இருக்கும். கால் மதிப்பெண்ணில் வாய்ப்புப் பறிபோகும் தேர்வில், சில வினாடிகளில் எடுக்கக்கூடிய ஒரு முழு மதிப்பெண்ணை விட்டுவிடச் சொல்வது எந்த வகை வழிகாட்டல்?

நமக்கு இது ஏன் கடினமாகத் தெரிகிறது என்றால், ஆங்கிலச் சொற்களை நாம் ஒலியாகவே சேர்த்து வைத்திருக்கிறோம். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம். ஆங்கிலமோ கைடில் தமிழ் எழுத்தில் அச்சிட்ட உச்சரிப்பாக வந்து சேர்ந்தது. 'டைம்' என்ற ஒலியைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு யோசித்தாலும் 'ஐட்டம்' நினைவுக்கு வராது. எழுத்தளவில் இரண்டும் ஒன்றேதான்.

ஆகவே சொற்களை மனப்பாடம் செய்யாதீர்கள். எழுத்துக் கட்டுகளை மனப்பாடம் செய்யுங்கள். கேள்வியில் வரும் எழுத்துகளை முதலில் ஆங்கில அகரவரிசையில் அடுக்குங்கள். அந்த அடுக்குக்கு எந்தெந்தச் சொற்கள் என்பது உங்கள் நோட்டில் ஏற்கெனவே இருக்க வேண்டும். எழுத்து வில்லைகளை அடுக்கி ஆங்கிலச் சொல் அமைக்கும் ஆட்டமான ஸ்க்ராபிள் போட்டிகளில் ஆடுபவர்கள் பழகுவதும் இப்படித்தான். வரிசைப்படுத்திய கட்டை ஆல்ஃபாகிராம் என்பார்கள்.

மேனேஜ்மென்ட் என்ற சொல்லின் 1, 2, 6, 10ஆம் எழுத்துகளைக் கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். எம், ஏ, இ, டி. அடுக்கினால் ஏ, இ, எம், டி. இந்தக் கட்டைப் பார்த்ததும் கை தானாக எழுத வேண்டும்: டீம், மேட், இறைச்சியைக் குறிக்கும் மீட், பழக்குவதைக் குறிக்கும் டேம். நான்கு வந்துவிட்டதா, நிறுத்துங்கள். விடைத் தெரிவில் 'மூன்றுக்கு மேல்' என்பதுதான் கடைசி. ஐந்தாவது சொல்லைத் தேடுவது வீண். 35 கேள்விக்கு 20 நிமிடம் என்றால் ஒரு கேள்விக்கு 34 வினாடிதான்.

என் நோட்டின் முதல் பக்கம் இது. இதில் வரும் டி எல்லாம் டேபிளின் டி, பி என்பது பேப்பரின் பி.

- ஏ, இ, டி: ஈட், அதன் இறந்தகாலமான ஏட், குடிக்கிற டீ
- ஏ, ஆர், டி: ஆர்ட், எலியான ரேட், சாலைக்குப் போடும் தார்
- என், ஓ, டபிள்யூ: நவ், ஓன், வொன்
- இ, ஐ, எம், டி: டைம், ஐட்டம், எமிட், சிற்றுண்ணியான மைட்
- இ, ஐ, எல், வி: லிவ், ஈவில், முகத்திரையான வெயில், இழிந்தது என்னும் வைல்
- ஓ, பி, எஸ், டி: ஸ்டாப், போஸ்ட், ஸ்பாட், டாப்ஸ், பாட்ஸ்

எஸ் இருக்கும் கட்டுகளைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். மூன்றெழுத்துப் பெயர்ச்சொல்லின் பின்னால் எஸ் சேர்ந்து பன்மையாவதைத்தான் பலரும் கவனிக்காமல் விடுகிறார்கள். ஸ்க்ராபிளை உருவாக்கிய அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆல்ஃப்ரெட் பட்ஸ், செய்தித்தாளின் முதல் பக்கத்தில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்தே வில்லைகளைப் பங்கிட்டார். 100 வில்லைகளில் இ மட்டும் 12. கியூ ஒன்றே ஒன்று. எஸ்ஸுக்கோ 4தான் கொடுத்தார், பன்மையாக்கி ஆட்டத்தை எளிதாக்கிவிடுவார்கள் என்று. அவர் அஞ்சிய அந்த எளிமை தேர்வில் நமக்கு லாபம். எங்கே தொடங்குவது என்பதற்கும் அந்த எண்ணிக்கையே பதில்: இ, ஏ, ஐ, ஓ, என், ஆர், டி கலந்த கட்டுகளை முதலில் முடியுங்கள். எக்ஸ், இசட் கட்டுகள் கடைசிக்கு இருக்கட்டும்.

இன்னும் சில:

உயிரெழுத்தும் ஒய்யும் இல்லாத கட்டு என்றால் விடை 'எதுவுமில்லை'. யோசிக்கவே வேண்டாம்.

அகராதியின் மூலையில் கிடக்கும் சொற்களை எண்ணாதீர்கள். செய்தித்தாளில் கண்டிராத சொல் என்றால் விட்டுவிடுவது நல்லது. தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போகும்.

செயலிகளில் பழகுவதை நான் ஏற்கவில்லை. எழுத்துகளை விரல் இழுத்து மாற்றிவிடுகிறது, மனம் வேலை செய்வதில்லை. தாளில், பேனாவால், தனியாக உட்கார்ந்து எழுதுங்கள். கூட்டாகப் படித்தால் வேகமாக இருப்பவர் சொல்லிவிடுவார், மற்றவர்களுக்கு எதுவும் பதியாது.

முதல்நிலை மதிப்பெண் இறுதிப் பட்டியலில் சேராது என்பதால் இதை அலட்சியப்படுத்துகிறவர்கள் உண்டு. அந்தக் கதவைத் தாண்டினால்தானே முதன்மைத் தேர்வு?

பணியாளர் தேர்வாணையத் தேர்வுகளையும் சேர்த்து எழுதுபவர்களுக்கு: அங்கே 'எந்தச் சொல்லை அமைக்க முடியாது' என்று திருப்பிக் கேட்பார்கள். அதற்கு எழுத்துக் கட்டு உதவாது. கொடுத்த சொல்லில் எந்த உயிரெழுத்து இல்லை என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். கான்ஸ்டிட்யூஷன் என்ற சொல்லில் ஏ இல்லை, இ இல்லை. டி மூன்று, ஐ, ஓ, என் இரண்டிரண்டு. ஆகவே நோஷன் வரும், ட்யூஷன் வரும். ஸ்டேஷன் வராது.