இருமல் இல்லாத காசநோய்

சிங்கப்பூரின் தோ பாயோவில் வசிக்கும் என் பெரியம்மாவின் கழுத்தில் கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி தோன்றியபோது, நெறி கட்டியிருக்கிறது என்று மஞ்சள் பற்றுப் போட்டுச் சும்மா இருந்துவிட்டோம். இருமல் இல்லை, மார்பு எக்ஸ்ரேயிலும் குறையில்லை. கட்டியில் ஊசி குத்தி எடுத்துச் சோதித்த பிறகே அது நிணநீர்க்கணுவைத் தாக்கிய காசநோய் என்று தெரிந்தது.

சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் நோயெதிர்ப்பாற்றலை அடக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையை உட்கொண்டு வருகிறார். எப்போதோ உடலுக்குள் புகுந்து, எதிர்ப்பணுக்களின் முற்றுகையில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும் கிருமி, காவல் தளர்ந்ததும் விழித்துக்கொண்டு முதுகெலும்பு, மூளையுறை என எங்கும் பரவக்கூடும். எச்ஐவி தொற்றுள்ளவர்களுக்கும், மூட்டுவாதத்துக்கு, அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் என்ற புரதத்தை முடக்கும் ஊசி மருந்தைப் போட்டுக்கொள்பவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

சிகிச்சைதான் எங்களைத் திணறடித்தது. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின், உடலில் டாக்ரோலிமஸ் விரைவாகச் சிதையும்படி செய்துவிடுவதால், மாற்றுச் சிறுநீரகத்தைக் காக்க அடிக்கடி இரத்தம் எடுத்து அளவைக் கூட்டவேண்டியிருந்தது. பலதுறை மருந்தகத்தில் தாதியின் கண்ணெதிரே மாத்திரைகளை விழுங்கிய முதல் நாளே, சிறுநீர் ஆரஞ்சு நிறமானதைக் கண்டு பெரியம்மா அரண்டுபோனார். அது மருந்தின் நிறம்தான்.

நுரையீரலைத் தொடாத கணுக் காசநோய் பிறருக்குத் தொற்றாது என்று மருத்துவர் சொன்ன பிறகும், அவருக்கென்று ஒதுக்கிய எவர்சில்வர் தம்ளரை நாங்கள் சில வாரங்கள் மாற்றவில்லை. அவரும் எதுவும் கேட்கவில்லை.