சாக்ஸ் மில் மூடியதும் டி.ஏ.ஏ. வாங்கிய கதை

அமெரிக்காவில் வேலை போனால் எல்லோருக்கும் தெரிந்தது அன்எம்ப்ளாய்மென்ட் பணம். வெளிநாட்டுச் சரக்கு வந்து குவிந்து, அதனால் வேலை இழந்தவர்களுக்கென்று தனியாக இன்னொரு திட்டமும் இருந்தது. பெயர் டிரேட் அட்ஜஸ்ட்மென்ட் அசிஸ்டன்ஸ், சுருக்கமாக டி.ஏ.ஏ. கென்னடி காலத்தில் 1962-இல் ஆரம்பித்தது, 1974-ஆம் ஆண்டு வர்த்தகச் சட்டத்தில் உருமாறியது. நான் போனது 2015-இல் திருத்திய விதிகளின் கீழ்; இங்கே சொல்லும் விதிகள் அப்போது இருந்தவை. நம் ஆட்களில் ஐ.டி.க்காரர்களுக்கே இது அரைகுறையாகத்தான் தெரியும். மில்லில் வேலை பார்த்த தமிழர்கள் எண்ணிக்கையில் குறைவு, எழுதுகிறவர்கள் அதைவிடக் குறைவு. அதனால் எழுதுகிறேன்.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் நிட்டிங் மிஷின் ஃபிட்டராக இருந்தவன். மனைவி நர்ஸ். ஆஸ்பத்திரி ஸ்பான்சர் செய்த கிரீன் கார்டில் அவளோடு நானும் நார்த் கரோலினாவுக்கு வந்தேன். ஹிக்கரி பக்கம் ஒரு காலத்தில் சாக்ஸ் மில்லும் ஃபர்னிச்சர் கம்பெனியும் நிறைய. நான் சேர்ந்தபோதே பாதிக்கு மேல் மூடியாகிவிட்டது. மிச்சமிருந்த ஒன்றில் வேலை கிடைத்தது. இத்தாலிக்கார லொனாட்டி மிஷின்கள், ஊசி உடைந்தால் மாற்றுவது, சைஸ் செட் செய்வது என்று கைக்குப் பழக்கமான வேலை.

ஜவுளிக்கு இருந்த இறக்குமதி கோட்டா 2005 ஜனவரி 1-ஆம் தேதி உலகம் முழுக்க நீங்கியது. அந்தச் செய்தி திருப்பூரில் நல்ல சேதி. ஆர்டர் வரும், ஓவர்டைம் வரும் என்று நாங்களெல்லாம் கணக்குப் போட்டோம். இங்கே வந்த பிறகு அதே தேதியை எங்கள் மில்லின் பழைய ஆட்கள் வேறு விதமாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சண்டை போட எனக்கு இரண்டு பக்கமும் ஆள் இல்லை, வாயை மூடிக்கொண்டு கேட்டேன்.

2017-இல் பெரிய வாடிக்கையாளர் ஒருவர் ஆர்டரை நிறுத்தினார். ஷிஃப்ட் ஒன்றானது, அப்புறம் மூடுவிழா. மில் மூடும் நேரத்தில் மாநில வேலைவாய்ப்புத் துறையிலிருந்து ஒரு குழு வந்து கேன்டீனில் உட்காரவைத்துப் பேசியது. அதில் ஒரு அம்மா, 'டி.ஏ.ஏ. மனு யாராவது போட்டீர்களா?' என்று கேட்டார். யாரும் போடவில்லை. மேனேஜ்மென்டும் போடவில்லை.

இங்கேதான் பலர் குழம்புவது. இந்த உதவியைத் தனி ஆளாகப் போய்க் கேட்க முடியாது. முதலில் இறக்குமதியால் வேலை போனது என்று தொழிற்சாலைக்குச் சான்று வரவேண்டும், அதன் பிறகுதான் நீங்கள் தகுதியா என்று பார்ப்பார்கள். மனுவைக் கம்பெனி போடலாம், யூனியன் போடலாம், மாநில வேலைவாய்ப்பு அலுவலகம் போடலாம். எதுவும் இல்லையென்றால் ஒரே இடத்தில் வேலை பார்த்த மூன்று தொழிலாளர்கள் கையெழுத்துப் போட்டாலே போதும். வக்கீல் வேண்டாம், கட்டணம் கிடையாது. எங்களுக்கு யூனியன் இல்லை. நான், டையிங்கில் இருந்த ஒருவர், பேக்கிங் சூப்பர்வைசர் என மூன்று பேர் கையெழுத்திட்டோம். மனு வாஷிங்டனில் உள்ள தொழிலாளர் துறைக்கும் மாநிலத்துக்கும் ஒரே நேரத்தில் போகவேண்டும்.

படிவம் பெரிதல்ல. ஆனால் 'இறக்குமதியால் வேலை போனது என்று ஏன் நினைக்கிறீர்கள்' என்ற கேள்விக்குத்தான் உட்கார்ந்து யோசிக்கவேண்டியிருந்தது. டையிங்காரர் சீனா, ஒப்பந்தம், அரசியல் என்று ஒரு பக்கம் எழுதிவிட்டார். பேக்கிங் சூப்பர்வைசர் அதைப் படித்துவிட்டு, 'இதை யார் படிப்பார்கள்? எந்த வாடிக்கையாளர், எந்த ரகம், எப்போதிலிருந்து ஆர்டர் குறைந்தது என்று எழுது' என்றார். அவர் கையில் ஷிப்பிங் லேபிள் நோட்டு இருந்தது. ஆண்கள் விளையாட்டு சாக்ஸ், ஆறு ஜோடி பாக்கெட், வாரத்துக்கு எத்தனை பெட்டி போனது, எந்த மாதம் பாதியானது என்று எல்லாம் பென்சிலில் குறித்து வைத்திருந்தார். அதே கடையில் அதே பாக்கெட் இப்போது எந்த நாட்டு லேபிளோடு தொங்குகிறது என்று போட்டோவும் எடுத்துவந்தார். அதைத்தான் இணைத்தோம். என் கணிப்பில் எங்கள் மனு நின்றது அந்த நோட்டால்தான்.

ஏனென்றால் அதிகாரிகள் பார்ப்பது உங்கள் கஷ்டத்தை அல்ல. ஐம்பதும் அதற்கு மேலும் ஆட்கள் இருக்கும் இடமென்றால் 5 சதவீதம் பேர் அல்லது 50 பேர், இதில் எது குறைவோ அத்தனை பேருக்காவது வேலை போயிருக்கவேண்டும், அல்லது போகும் நிலை இருக்கவேண்டும். கம்பெனியின் விற்பனையோ உற்பத்தியோ குறைந்திருக்கவேண்டும். அதே மாதிரிப் பொருளின் இறக்குமதி கூடியிருக்கவேண்டும். அந்த இறக்குமதி வேலை போனதற்கு 'முக்கியப் பங்கு' வகித்திருக்கவேண்டும். இந்த முக்கியப் பங்கு என்பதற்குச் சட்டமே விளக்கம் தருகிறது: முக்கியமான காரணமாக இருந்தால் போதும், மற்றக் காரணங்களைவிடப் பெரியதாக இருக்கவேண்டும் என்பதில்லை. எங்கள் மில்லில் மேனேஜ்மென்ட் கோளாறும் இருந்தது, மிஷினும் பழசு. 'அதனால் நமக்குக் கிடைக்காது' என்று சிலர் முதலிலேயே கைகழுவிவிட்டார்கள். அது தப்பு. உற்பத்தியை வெளிநாட்டுக்கு மாற்றியிருந்தாலும் தகுதி உண்டு. சான்று பெற்ற தொழிற்சாலைக்கு உதிரிபாகம் சப்ளை செய்த இடத்துக்கும் தனி வழி உண்டு.

மனு போனதும் அதற்கு டி.ஏ-டபிள்யூ என்று தொடங்கும் ஒரு எண் வரும். பெடரல் ரெஜிஸ்டர் அரசிதழில் அறிவிப்பு வரும். விசாரணை அதிகாரி கம்பெனியிடம் விற்பனை, உற்பத்திக் கணக்கை ரகசியப் படிவத்தில் கேட்பார். வாங்குவதைக் குறைத்த வாடிக்கையாளர்களிடமும், 'இவர்களிடம் குறைத்துவிட்டு இறக்குமதியைக் கூட்டினீர்களா?' என்று கேட்பார். கம்பெனி பதில் தராமல் இழுத்தால் சம்மன் அனுப்பும் அதிகாரமும் துறைக்கு உண்டு. என்னிடம் ஒரு தடவை போனில் பேசினார்கள், கேட்டதெல்லாம் எந்த மிஷினில் எந்த ரகம் ஓடியது என்பது மாதிரி விஷயங்கள். சட்டத்தில் முடிவுக்கு 40 நாள் என்று இருக்கிறது. எங்களுக்கு அதைத் தாண்டிப் போனது.

அந்த இடைவெளிதான் கஷ்டகாலம். நார்த் கரோலினாவில் அப்போது அன்எம்ப்ளாய்மென்ட் வெறும் 12 வாரம், வாரத்துக்கு அதிகபட்சம் 350 டாலர். பல மாநிலங்களில் 26 வாரம். எனக்கு அந்த 12 வாரமும் தீர்ந்துபோய்ச் சான்று வராமல் கிடந்தது. மனைவியின் சம்பளத்தில் ஓடியது. ஒற்றைச் சம்பளத்தில் இருந்த பலர் அமேசான் கிடங்கு, கோழி வெட்டும் ஆலை என்று கிடைத்ததில் சேர்ந்துவிட்டார்கள்.

சான்று வந்தபோது அதில் ஒரு வரியை எல்லோரும் தேடினோம். பேக்கிங்கில் இருந்த பெண்கள் பலர் ஏஜென்சி மூலம் வந்தவர்கள், சம்பளச் சீட்டு வேறு கம்பெனி பெயரில். மில்லுக்குள்ளேயே, மில் சொல்கிறபடி வேலை செய்தாலும் காகிதத்தில் மில் தொழிலாளி இல்லை. இப்படிப்பட்டவர்களைச் சான்றில் சேர்க்க விதியில் இடம் உண்டு, ஆனால் ஏஜென்சி பெயர் அதில் வரவேண்டும். எங்கள் மனுவில் பேக்கிங் சூப்பர்வைசர் ஏஜென்சி பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார். சான்றில் 'மில் வளாகத்தில் வேலை செய்த குத்தகைத் தொழிலாளர்கள் உட்பட' என்று வந்தது. விட்டுப்போனால் பிறகு திருத்தம் கேட்கலாம், அதற்கும் காத்திருக்கவேண்டும்.

ஒருவருக்கு மட்டும் கதவு மூடியது. சான்று பொருந்துவது மனு தேதிக்கு ஒரு வருஷம் முன்னாலிருந்துதான். அவரை அதற்கும் முன்பே, முதல் சுற்றில் அனுப்பிவிட்டார்கள். அதே மில், அதே காரணம், ஆனாலும் அவருக்கு இல்லை. மேனேஜ்மென்ட் அப்போதே ஒரு மனு போட்டிருந்தால் அவருக்கும் கிடைத்திருக்கும் என்ற கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அடுத்தது தனிநபர் தகுதி. இது மாநிலத்தின் வேலை. வாராந்தரப் பணத்துக்கு டி.ஆர்.ஏ. என்று பெயர். வேலை போவதற்கு முந்தைய 52 வாரத்தில் குறைந்தது 26 வாரம், வாரம் 30 டாலராவது அந்த மில்லில் சம்பாதித்திருக்கவேண்டும். முப்பது டாலர் எந்தக் காலத்துக் கணக்கோ! சம்பளச் சீட்டை வைத்திருந்ததால் எனக்குப் பிரச்சினை இல்லை. பாஸ்போர்ட், கிரீன் கார்டு நகல் கேட்டார்கள். எச்-1பி விசா நண்பர்கள் தங்களுக்கும் கிடைக்குமா என்று கேட்பதுண்டு: இது அன்எம்ப்ளாய்மென்ட் தகுதியோடு கட்டப்பட்டது, வேலை போனதும் வேறு எங்கும் சேர அனுமதி இல்லாதவர்களுக்கு அந்த முதல் படியிலேயே நின்றுவிடும்.

தொகை அன்எம்ப்ளாய்மென்டில் வந்த அதே வாரத்தொகைதான். கணக்கு சுவாரசியமானது. அன்எம்ப்ளாய்மென்டும் அடிப்படை டி.ஆர்.ஏ.வும் சேர்ந்து 52 வாரம். எங்கள் மாநிலம் 12 வாரம்தான் கொடுத்தது, அதனால் மிச்சம் 40 வாரம் டி.ஆர்.ஏ.வில் வந்தது. மாநிலம் கஞ்சத்தனம் பண்ணியதை வாஷிங்டன் நிரப்பியது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் படிப்பில் இருந்தால் 65 வாரம், படிப்பை முடிக்க இன்னும் 13 வாரம். மொத்தம் 130 வரை. வருமான வரி உண்டு, அதை முதலிலேயே பிடிக்கச் சொல்லிவிடுவது நல்லது.

பணம் சும்மா வராது, படிப்பில் சேரவேண்டும். சான்று வந்த நாள், வேலை போன நாள் இரண்டில் எது பிந்தியதோ, அதிலிருந்து 26 வாரத்துக்குள் சேர்ந்திருக்கவேண்டும், அல்லது விலக்கு வாங்கியிருக்கவேண்டும். நான் பார்த்தவரை ஆட்கள் தவறவிட்டது இந்தக் கெடுவைத்தான். கல்லூரி செமஸ்டர் நம் தேதிக்குக் காத்திருக்காது.

படிப்புக்கு ஒப்புதல் வாங்க ஆறு நிபந்தனை. எனக்குச் சிக்கலானது மூன்றாவது: படித்து முடித்தால் வேலை கிடைக்கும் என்ற நியாயமான எதிர்பார்ப்பு. கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருஷ மெக்கட்ரானிக்ஸ் (மெக்கானிக்கலும் எலெக்ட்ரானிக்ஸும் சேர்ந்த படிப்பு) கேட்டேன். கேஸ் மேனேஜர், 'உங்களுக்கு மிஷின் தெரியும், மெக்கானிக் வேலை தேடலாமே' என்றார். நியாயமான கேள்வி. பதில் சொல்ல ஒரு வாரம் சுற்றுவட்டார வேலை விளம்பரங்களை அச்செடுத்து, 'பி.எல்.சி. தெரியவேண்டும்' என்று போட்டிருந்த வரிகளில் மஞ்சள் கோடு போட்டுக் கொண்டுபோனேன். பி.எல்.சி. என்பது ஆலை மிஷின்களை இயக்கும் சின்ன கம்ப்யூட்டர், எனக்கு அது தெரியாது. சரி என்றார். ஃபீஸ், புத்தகம், கருவிப்பெட்டி எல்லாம் திட்டத்திலிருந்தே போனது.

வகுப்பில் என் பக்கத்தில் இருபது வயசுப் பையன். வருகைத் தாளில் ஆசிரியரிடம் நான் கையெழுத்து வாங்குவதைப் பார்த்து, 'ஜாமீனில் வந்திருக்கிறீர்களா?' என்று கேட்டான். கோடை விடுமுறையிலும் கவனம் வேண்டும். வார இறுதி, அரசு விடுமுறை நீங்கலாக 30 நாளுக்கு மேல் இடைவெளி விழுந்தால் பணம் நின்றுவிடும். அதனால் கோடையிலும் வகுப்பு எடுத்தேன்.

டையிங்காரர் படிக்கவில்லை. வயசு ஐம்பதைத் தாண்டியவர். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் குறைந்த சம்பளத்தில் வேறு வேலைக்குப் போனால், ஆண்டு வருமானம் 50,000 டாலரைத் தாண்டாதவரை, பழைய சம்பளத்துக்கும் புதியதுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி தருவார்கள், இரண்டு வருஷத்தில் 10,000 டாலர் வரை. மணிக்கு 16 வாங்கியவர் 12-க்குப் போனால் 40 மணி நேர வாரத்தில் வித்தியாசம் 160, கையில் வருவது 80. அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. மளிகைக் கிடங்கில் சேர்ந்தார்.

நான் படிப்பை முடித்து, உணவுப் பொருள் ஆலை ஒன்றில் மெயின்டனன்ஸ் டெக்னீஷியன். சம்பளம் மில்லைவிடக் கூட.

இப்போது வேலை போனவர்களுக்கு: 2022 ஜூலை 1 முதல் இந்தத் திட்டத்தில் புதிதாக யாருக்கும் சான்று தர முடியாமல் போய்விட்டது, சட்டத்தின் கெடு முடிந்துவிட்டது. ஏற்கெனவே சான்று பெற்ற இடத்தில் அந்தத் தேதிக்கு முன் வேலை போனவர்களுக்கு மட்டுமே தொடர்ச்சி. மற்றவர்களுக்கு மிச்சமிருப்பது, வேலை இழந்தோருக்கான டபிள்யூ.ஐ.ஓ.ஏ. பயிற்சி நிதி. மாவட்டத்துக்கு மாவட்டம் தொகை மாறும், படிக்கும் காலத்தில் டி.ஆர்.ஏ. மாதிரி வாராவாரம் பணம் வராது. காரணம் இறக்குமதி என்று நிரூபிக்கத் தேவையில்லை என்பது மட்டும் அதில் லேசு. நார்த் கரோலினா என்றால் என்.சி.வொர்க்ஸ் அலுவலகத்தில் லே-ஆஃப் கடிதத்தோடு போய்க் கேளுங்கள், வாரத்தின் முதல் நாள் கூட்டமாக இருக்கும்.