கைத்தட்டல் கிடைக்காத முடிவுகள்

பத்திரிகையில் அரசியல் டெஸ்க்கில் நீண்ட காலம் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு பழக்கம் ஊறிவிடும். தலைவர்களைக் கூட்டத்தை வைத்தே எடை போடுவோம். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை தொகுதி தேறும், அடுத்த தேர்தலில் தாங்குவாரா? கட்சி முழுக்க ஒரு பக்கம் போகும்போது ஒருவர் மட்டும் மறுபக்கம் நின்றால், எங்கள் கைவசம் தலைப்புகள் தயாராக இருக்கும்: ‘பின்னடைவு’, ‘தனித்து விடப்பட்டார்’, ‘செல்வாக்கு சரிவு’. அவர் ஏன் அப்படி நின்றார் என்பது செய்தியின் கடைசிப் பத்திக்குப் போய்விடும். இடம் போதாத இரவுகளில் முதலில் வெட்டுப்படுவதும் அந்தப் பத்திதான்.

என் பார்வையை மாற்றியது, தலைவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளை எழுதும் வேலை. நூற்றாண்டு, நினைவு நாள், மறைவு என்று எப்போதும் ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். ‘மனசாட்சிப்படி நடந்தவர்’ என்று எழுதிக் கொடுத்தால் எங்கள் மூத்த ஆசிரியர் அதை அப்படியே விடமாட்டார். “சரிம்மா, அதனால அவருக்கு என்ன நஷ்டம்? அதை எழுது முதல்ல” என்பார்.

அந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கியதும் பல பெயர்கள் வேறு வரிசைக்கு நகர்ந்தன. 1956 நவம்பரில் அரியலூர் ரயில் விபத்துக்குப் பொறுப்பேற்று, அப்போது ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அந்தச் செயல் மீது எனக்கு அளவற்ற மரியாதை உண்டு. ஆனால் அதற்காக மக்கள் அவரைக் கூடுதலாக நேசித்தார்கள். 1957 தேர்தலுக்குப் பின் மறுபடி அமைச்சரானார். மக்கள் விரும்பாத ஒன்றை அவர்கள் முகத்துக்கு நேரே செய்வதற்கு வேண்டிய துணிவு வேறு.

சட்ட அமைச்சராக இருந்த அம்பேத்கரின் ராஜினாமாவை அந்த வரிசையில் வைப்பேன். பெண்களுக்குச் சொத்துரிமையும் விவாகரத்து உரிமையும் தரும் இந்து சட்டத் தொகுப்பு மசோதாவுக்கு அவையிலும் வெளியிலும் கடும் எதிர்ப்பு. முதல் பொதுத்தேர்தல் நெருங்கியபோது அரசு அதைக் கைவிட்டது. 1951 செப்டம்பரில் அவர் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். காரணங்கள் பல, பட்டியல் சாதியினர் நிலை, வெளியுறவுக் கொள்கை எல்லாம் அதில் உண்டு. காரணங்கள் கலந்திருப்பதாலேயே மனசாட்சி இல்லை என்று சொல்லிவிட முடியாது. உண்மையான ராஜினாமாக்கள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். விலகல் அறிக்கையின் நகலை முன்கூட்டியே தரச் சொன்னபோது மறுத்து அவையிலிருந்து வெளியேறினார். அடுத்து வந்த தேர்தலில் வடக்கு பம்பாய் தொகுதியில் தோற்றார். அந்த மசோதாவின் முக்கியப் பகுதிகள் 1955, 1956இல் தனித்தனிச் சட்டங்களாக நிறைவேறின. அன்றைய டெஸ்க்கில் நான் இருந்திருந்தால் எந்தத் தலைப்பைப் போட்டிருப்பேன் என்று அடிக்கடி யோசிப்பேன்.

அமெரிக்காவின் ஜெனட் ராங்கின் பற்றி எழுதியபோது எனக்கு இன்னும் சிக்கல். அந்நாட்டு நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் பெண் அவர். 1917இல் முதல் உலகப் போரில் இறங்கும் தீர்மானத்துக்கு எதிராக வாக்களித்தார். அடுத்த ஆண்டு செனட்டுக்குப் போட்டியிட்டுத் தோற்றார். 1940இல் மறுபடி வென்று வந்தவர் முன், பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு மறுநாள் ஜப்பான் மீதான போர்த் தீர்மானம் வந்தது. வாக்களிக்காமலாவது இருங்கள் என்று சகாக்கள் கெஞ்சினார்கள். 388க்கு 1 என்று முடிந்தது வாக்கெடுப்பு. அந்த ஒன்று அவர். ஆத்திரமடைந்த கூட்டத்திடமிருந்து தப்பித் தொலைபேசிக் கூண்டுக்குள் புகுந்துகொண்டார். காவலர்கள் வந்துதான் அலுவலகத்தில் கொண்டுபோய் விட்டார்கள். 1942இல் அவர் போட்டியிடவே இல்லை. அந்த வாக்கு சரி என்று நான் நினைக்கவில்லை. தாக்கப்பட்ட நாடு வேறென்ன செய்திருக்க முடியும்? ஆனாலும் அவரை மதிக்கிறேன். விலையைத் தானே கொடுத்தார், அடுத்தவர் தலையில் கட்டவில்லை. பிடிவாதக்காரர்களும் மனசாட்சி என்ற சொல்லைப் பிடித்துக்கொள்வார்கள். அவர்கள் விஷயத்தில் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பார்த்தால் போதும்.

எல்லாமே தோல்வியில் முடிவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிரான்ஸில் 1981 அதிபர் தேர்தலுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, மரண தண்டனையை மனசாட்சிப்படி எதிர்க்கிறேன் என்று வேட்பாளர் மித்தரான் தொலைக்காட்சியில் சொன்னார். பெரும்பாலானோர் தண்டனையை ஆதரிப்பதாகக் கருத்துக்கணிப்புகள் காட்டிய நேரம் அது. மழுப்பியிருக்கலாம், மழுப்பவில்லை. மே மாதம் வென்றார். செப்டம்பரில் நீதி அமைச்சர் பதான்தேர் கொண்டுவந்த மசோதா 363க்கு 117 என்று கீழவையில் நிறைவேறி மரண தண்டனையை ஒழித்தது.

என்னை மிகவும் வருத்திய குறிப்பு இலங்கையின் இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வாவுடையது. 1956இல் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து, ஒரு மொழி என்றால் இரண்டு நாடுகள் உருவாகும் என்று எச்சரித்தவர். அவரது சமசமாஜக் கட்சி சிங்களம், தமிழ் இரு மொழிகளுக்கும் சம உரிமை கேட்டதற்காகக் கூட்டங்களில் தாக்குதலைச் சந்தித்தது. அவரேதான் பின்னர் அமைச்சராக இருந்து 1972 அரசியலமைப்பை உருவாக்கினார். சிங்களம் ஒன்றே ஆட்சிமொழி, பௌத்தத்துக்கு முதன்மை இடம் என்று அதில் எழுதப்பட்டது. எந்தக் கொல்வினை எழுதுவது என்று கேட்டு எழுதிய பிரதியோடு ஆசிரியர் முன் போய் நின்றேன். இரண்டையும் எழுது, ஆண்டுகளைத் தெளிவாகப் போடு என்றார். ஒருமுறை காட்டிய துணிவை வாழ்நாள் முழுவதற்குமான சான்றிதழாக யாருக்கும் எழுதிக் கொடுக்கக் கூடாது என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

இப்போது புதிதாகச் சேரும் நிருபர்கள் எழுதும் செய்திப் பிரதி என்னிடம் வருகிறது. கட்சி முடிவை மீறி யாராவது வாக்களித்த செய்தி என்றால், அவர் அவையில் பேசிய முழு உரையும் வேண்டும் என்று கேட்டு வாங்குகிறேன். அவர் சொன்ன காரணம் இரண்டாவது பத்திக்குக் கீழே போகக் கூடாது. பக்கம் முடிக்கும் நேரத்தில் இதற்காகச் சண்டை வரும். வரட்டும், அந்தப் பத்தியை நான் விட்டுக்கொடுப்பதில்லை.